பல் ஆஸ்பத்திரியின் பின்னறை

சென்னையில் ஒரு பல் ஆஸ்பத்திரி. நோயாளி நாற்காலி பக்கம் நமக்கு வேலையில்லை. 'ஊழியர்கள் மட்டும்' என்று பலகை மாட்டிய பின்னறைக்குள் விட்டிருக்கிறார்கள்! சீக்கிரம் வாங்க.

உள்ளே நுழைந்ததும் முகத்தில் அனல் அடிக்கிறது. முன்பக்கம் ஏசி, இங்கே நீராவியால் கிருமி கொல்லும் இரண்டு ஆட்டோகிளேவ், ஒரு சுவர் விசிறி. தொட்டிக்கு அருகே தட்டுத் தட்டாகக் கண்ணாடி, கொக்கி, இடுக்கி. சற்றுமுன் யார் யார் வாய்க்குள்ளோ இருந்தவை! மனித வாயில் 700க்கும் மேற்பட்ட பாக்டீரியா வகைகளைக் கண்டறிந்திருக்கிறார்கள். எச்சிலோடும் ரத்தத்தோடும் அதில் ஒரு பங்கு இங்கே இறங்கியிருக்கிறது.

தடித்த ரப்பர் கையுறையோடு நிற்கும் அக்காதான் இந்த அறைக்கு ராணி. முழங்கை வரை வியர்வை. "காய விட்டா போச்சு, ஒட்டிக்கும்" என்றபடி எல்லாவற்றையும் அல்ட்ராசோனிக் தொட்டியில் அமிழ்த்துகிறார். பிறகு ஒரு வித்தை: அலுமினியத் தாள் ஒன்றைத் தண்ணீரில் பிடிக்கிறார். கொஞ்ச நேரத்தில் தாள் முழுக்கப் பொடிப்பொடியாகப் பள்ளம்! தொட்டி ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

பல்லைக் குடையும் ஹேண்ட்பீஸுக்குத் தனி மரியாதை. நிமிடத்துக்கு 3 லட்சம் தடவைக்கு மேல் சுழலும் அது, நிற்கும் நொடியில் எச்சிலை உள்ளே இழுத்துக்கொள்ளக்கூடும். வெளியே துடைத்தால் போதாது. ஒவ்வொரு நோயாளிக்கும் பிறகு எண்ணெய் விட்டு, பையில் அடைத்து, ஆட்டோகிளேவுக்குள் அனுப்ப வேண்டும். ஹேண்ட்பீஸுக்குத் தண்ணீர் தரும் மெல்லிய குழாயிலும் இரவெல்லாம் தேங்கிய நீரில் பாக்டீரியா படலம் கட்டும். அதனால் ஒரு பையன் ஒவ்வொரு நாற்காலியாகப் போய்த் தண்ணீரைப் பீய்ச்சி விடுகிறான். சட்டை பாதி நனைந்தாயிற்று. "தினமும் ரெண்டு குளியல்" என்று சிரிக்கிறான்.

அதற்குள் டீ வந்துவிட்டது. வெளி வராந்தாவில்தான் குடிக்கலாம், அக்காவின் சட்டம். டெல்ஃப்ட் நகரத்து நுண்ணோக்கி நிபுணர் லேவன்ஹூக் 1683இல் தன் பல்லிடுக்கு அழுக்கில் நெளியும் உயிர்களைப் பார்த்து எழுதியதையும், சூடான காபி குடித்தபின் முன்பற்களில் அவை செத்துக் கிடந்ததைப் பின்னொரு நாள் கவனித்ததையும் சொன்னேன். "அப்பவே சூடுதானா!" என்று அக்கா அசந்துபோனார். இங்கே சூடு 134 டிகிரி, அழுத்தத்தோடு நீராவி.

மணி அடிக்கிறது. பைமேல் ஒட்டிய நாடாவில் கறுப்புக் கோடுகள் எழும்பியிருக்கின்றன. நீராவி பட்டதற்கு அது அடையாளம், அவ்வளவுதான். உண்மையான பரீட்சை குப்பியில்: வெப்பத்துக்கு எளிதில் மசியாத பாக்டீரியா வித்துகள் அடைத்த குப்பி ஒன்று முந்தைய சுற்றிலேயே ஆட்டோகிளேவுக்குள் போய் வந்திருக்கிறது, போகாத குப்பி ஒன்று துணைக்கு. இரண்டும் இன்குபேட்டரில் இருந்தவை. போகாதது மஞ்சளாகிவிட்டது, வித்துகள் உயிரோடுதான் இருந்திருக்கின்றன. போய் வந்தது? எல்லாரும் எட்டிப் பார்க்கிறோம்.

"ஊதா!" என்று கத்துகிறார் அக்கா. நிறம் மாறவில்லை, ஒன்றும் பிழைக்கவில்லை. பையன் கைதட்டுகிறான், நானும்தான். அக்கா நோட்டில் தேதி போட்டுக் கையெழுத்திடுவதற்குள் கதவு திறந்து அடுத்த தட்டு வந்துவிட்டது.