ஒரே சாவி, மூன்று கதவுகள்

குருமாவுக்கு அரைக்கிறோமே கசகசா, அந்தச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் பால் வடியும். பால் உறைந்தால் அபின். அபினிலிருந்து பிரித்தெடுப்பதுதான் மார்ஃபின். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் உரிமம் பெற்ற உழவர்கள் மட்டுமே இந்தச் செடியைப் பயிரிடலாம். வடித்த அபினை அரசே எடை போட்டு வாங்கிக்கொள்கிறது.

வயலிலேயே இத்தனை காவல் எதற்கு?

நம் நரம்புச் செல்களின் மேல் பூட்டுகளைப் போலச் சில புரதங்கள் இருக்கின்றன. உடல் தானே சுரக்கும் எண்டார்ஃபின்களுக்காக அமைந்த பூட்டுகள் அவை. மார்ஃபினும் அவற்றில் சாவியாகப் பொருந்திவிடுகிறது. தண்டுவடத்தில் பொருந்தினால், மூளைக்குப் போகும் வலிச் செய்தி வழியிலேயே மங்குகிறது. அதே பூட்டு மூளைத்தண்டில், மூச்சை நடத்தும் இடத்திலும் உண்டு. அளவு மிஞ்சினால் மூச்சு தளர்ந்து நின்றே போகலாம். மூளையில் இன்பம் ஊறும் பகுதியிலும் உண்டு. அங்கேதான் அடிமைப்பழக்கம் வேர்விடுகிறது. முதல் கதவை மட்டும் திறக்க வேண்டும். அந்தப் பொறுப்பு மருத்துவரின் பேனாவில் இருக்கிறது.

அந்தப் பேனாவையும் ஒரு கண் பார்த்துக்கொண்டே இருக்கிறது. புற்றுநோய் வார்டில் ஓர் இரவை நினைத்துப் பாருங்கள். மருத்துவர் எழுதியது 5 மில்லிகிராம். ஆம்ப்யூல் குப்பியில் இருப்பது 10. செவிலியர் பூட்டிய அலமாரியைத் திறந்து மருந்தை எடுக்கிறார். ஊசி போட்டபின் மீதி 5 மில்லிகிராமை இன்னொருவர் பார்க்கக் கொட்டுகிறார். பதிவேட்டில் இருவரும் கையெழுத்திடுகிறார்கள். காலி ஆம்ப்யூலுக்கும் கணக்கு உண்டு. யார் எழுதினார், யாருக்கு, எவ்வளவு என்று வரி வரியாகச் சேரும்போது, தவறான கை எதுவானாலும் அந்த ஏட்டிலேயே தெரிந்துவிடும்.

ஆனால் காவலே சுவராகிவிட்ட காலமும் இருந்தது. 1985இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம் பெரும்பாலான குற்றங்களுக்குப் பத்தாண்டுக்குக் குறையாத சிறை என்றது. மருத்துவமனைகள் மார்ஃபின் வாங்கப் பல உரிமங்கள் தேவைப்பட்டன. ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்று காலாவதியானது. மருத்துவர்கள் அஞ்சினார்கள், மருந்துக்கடைகள் ஒதுங்கின. அபின் விளையும் நாட்டிலேயே புற்றுநோயாளிகள் வலியில் துடித்தார்கள். வலி தணிப்பு மருத்துவர்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. மார்ஃபின் உள்ளிட்ட ஆறு மருந்துகள் இன்றியமையாதவை என அறிவிக்கப்பட்டன. மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் ஒரே அங்கீகாரம் போதும் என்றானது. பதிவேடும் ஆண்டுக் கணக்கும் அப்படியே நீடித்தன.

கண்காணிப்பு தளரக் கூடாது. மருத்துவரை அது நடுங்க வைக்கவும் கூடாது. சாதாரண வாய்வழி மார்ஃபினின் வேலை ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்குள் அடுத்த வேளை மருந்து வந்தாக வேண்டும். அலமாரியின் பூட்டு உறுதியாக இருக்கட்டும். நடுநிசியில் ஒரு நோயாளி முனகினால், அதைத் திறக்கும் சாவியோடு ஓர் ஆள் அருகில் இருக்கட்டும்.