வலி கண்ட இடுப்பும் பளு தூக்கலும்

குன்றத்தூரில் விடியற்காலையில் இருவகைக் கூட்டத்தைக் காணலாம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் பஸ்ஸுக்காகக் காத்து நிற்கும் தொழிலாளர் ஒரு சாரார். உடற்பயிற்சிக் கூடத்துக்கு விரையும் மாணவர் மற்றொரு சாரார். முன்னவர் பிழைப்புக்காகத் தூக்குகின்றனர். பின்னவர் உடலுறுதிக்காகத் தூக்குகின்றனர். வலி கண்டுவிட்டால் இரு சாராரும் கேட்பது ஒரே கேள்விதான்: இனிப் பளுவைத் தொடலாமா?

நானும் அக்கேள்வியைக் கேட்டவன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அரிசி மூட்டையைக் குனிந்து இழுத்தேன், நிமிர இயலவில்லை. "இனிக் குடத்தைக்கூடத் தூக்காதே" என்றனர் வீட்டார். நாட்கணக்கில் படுத்தே கிடந்தேன். உடல் தளர்ந்ததேயன்றி வலி தீரவில்லை. நீண்ட படுக்கை ஓய்வை இன்று மருத்துவர்களும் விரும்புவதில்லை.

நேயர்களே, பள்ளியில் படித்த நெம்புகோலைச் சற்று நினைவு கூருங்கள். 20 கிலோ பளுவை முதுகெலும்பிலிருந்து 50 செ.மீ. தள்ளிப் பிடிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். முதுகுத் தசைகளோ எலும்பு மூட்டிலிருந்து ஏறத்தாழ 5 செ.மீ. தொலைவில் நின்று இழுக்கின்றன. ஆகவே அவை 200 கிலோ எடைக்கு ஈடான விசையுடன் இழுத்தாக வேண்டும். மேலுடம்பின் பாரம் இதில் சேரவில்லை! அதே பளுவை 20 செ.மீ. தொலைவில் அணைத்துப் பிடித்தால் 80 கிலோ விசையே போதும். ஸ்வீடன் நாட்டு மருத்துவர் நாக்கெம்சன் 1960-களில் உயிருள்ள மனிதரின் முள்ளெலும்பிடைத் தட்டினுள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். குனிந்து தூக்குகையில் அவ்வழுத்தம் வெகுவாக உயர்வதைக் கண்டார்.

எனவே, முதுகை வளைக்காமல் தொடை மூட்டில் மடங்கப் பழக வேண்டும். ஒரு கம்பை முதுகோடு நிறுத்துங்கள். பின்தலை, மேல்முதுகு, வாலெலும்பு மூன்றிலும் அது படட்டும். கம்பு விலகாதபடி, பின்புறத்தைப் பின்னே தள்ளிக் குனியுங்கள். எளிதென்று தோன்றும், எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. இது கைவந்த பின்னரே பளு. அதையும் தரையிலிருந்து எடுக்காமல் முழங்கால் உயர மணைமேல் வைத்து எடுக்க வேண்டும். நான் 5 கிலோவில் தொடங்கினேன். பக்கத்தில் 100 கிலோ தூக்கிய இளைஞர் சிரித்தார், சிரிக்கட்டும்.

வயிற்றையும் முதுகையும் சுற்றியுள்ள தசைகளுக்கும் பயிற்சி வேண்டும். கானடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பை ஆராய்ந்த ஸ்டூவர்ட் மக்கில் மூன்றைச் சொல்கிறார். மல்லாந்து, கைகளை இடுப்பின் கீழ் வைத்து, தலையையும் தோளையும் சிறிதே உயர்த்துவது ஒன்று. ஒருக்களித்து முழங்கையூன்றி இடுப்பை உயர்த்துவது மற்றொன்று. மண்டியிட்டுக் கையூன்றி, வலக்கையையும் இடக்காலையும் நீட்டி, பிறகு மாற்றி நீட்டுவது மூன்றாவது. ஒவ்வொரு முறையும் பத்து விநாடிக்கு மேல் வேண்டாம். மூச்சை அடக்கவும் வேண்டாம்.

பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானு 2018-இல் இடுப்பு வலியால் ஆசிய விளையாட்டுப் போட்டிக்குச் செல்லவில்லை. 2021-இல் டோக்கியோவில் மொத்தம் 202 கிலோ தூக்கி ஒலிம்பிக் வெள்ளிப் பதக்கம் பெற்றார்.

ஆனால், கால் வலுவிழந்தாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, சிறுநீர் கழிப்பதில் தடை தோன்றினாலோ பயிற்சியை எண்ணவே வேண்டாம். அந்நேரமே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். எனக்கு அவை இருக்கவில்லை. சென்ற மாதம் வந்த 25 கிலோ அரிசிப் பையை நானே திண்ணையிலிருந்து எடுத்து உள்ளே வைத்தேன். வீட்டார் இன்னும் கோபமாகத்தான் இருக்கின்றனர்.