இலத்தீன் செய்யுளும் இலக்கணமும்

இலத்தீனைத் தாய்மொழியாகப் பேசுவோர் இன்று எவருமிலர். ஆயினும் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் போன்ற பல்கலைக்கழகங்களில் அதன் இலக்கணத்தையும் கவிதையையும் ஆழ்ந்து கற்போர் இன்றும் உளர். மொழிபெயர்ப்புகள் மலிந்துள்ளபோது இவ்வுழைப்பு எதற்கென வினவுவோர் உண்டு. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம், செவ்வியல் துறை மாணவர் இலத்தீனோ கிரேக்கமோ கற்றாக வேண்டும் என்னும் விதியை 2021இல் நீக்கியது. பலரும் வந்து சேர வழி பிறக்கும் என்பது அதன் கருத்து. நமக்கு அஃது உடன்பாடன்று.

ஏனெனில், இலத்தீனில் இலக்கணமும் கவிதையும் பிரித்தற்கியலாதன. 'ரோஸ' என ஈறு குறிலாயின் ரோசாமலர் எழுவாயாகும். 'ரோஸா' என நெடிலாயின் 'மலரால்' எனப் பொருள்படும். ஆனால் வழக்கமான இலத்தீன் எழுத்தில் இரண்டிற்கும் வடிவம் ஒன்றே! உரைநடையில் இடம்நோக்கியே பொருள் தெளிய வேண்டும். செய்யுளிலோ யாப்பு துணை நிற்கிறது. வர்ஜிலின் 'ஈனிட்' காப்பியத்தில் அடிதோறும் ஆறு சீர்கள். கடைச்சீர் நீங்கலாக, ஒவ்வொரு சீரும் ஒரு நெட்டசையும் இரு குற்றசையுமாகவோ, இரு நெட்டசையாகவோ அமையும். அடியை அலகிட்டுப் பார்த்தால் ஐயத்திற்குரிய ஈறு குறிலோ நெடிலோ என்பது பெரும்பாலும் விளங்கிவிடும். வேற்றுமையும் உடன் விளங்கும். அவ்வேற்றுமையைக் கொண்டே, அடியில் தொலைவாகப் பிரிந்து நிற்கும் அடைமொழியையும் பெயரையும் இணைத்துப் பொருள் கொள்வர். உயிர்க்குறியிடாத அரபு நூலை இலக்கண அறிவால் வாசிக்கும் நம் மாணவர்க்கு இது புதுமையன்று. மொழிபெயர்ப்பில் இவ்வின்பத்திற்கு இடமேயில்லை.

இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் இலத்தீனில் இயற்றிய கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. தமிழில் எகர ஒகரங்களின் குறில் நெடிலுக்கு வடிவ வேறுபாடு வகுத்தவர் எனப் போற்றப்படுபவரும் அவரே.