கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்: வீடு தேடிப் போகிறவர்களின் வேலை

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் திடீரென வருவதில்லை. எச்.பி.வி. வைரஸ் தொற்று உடலில் தங்கிவிட்டால்கூட, அது புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து ஆண்டுகளுக்கு மேலாகும். இவ்வளவு அவகாசம் தரும் நோயிலும் வசதியுள்ளவர் மாஸ்டர் செக்கப்பில் பிழைத்துக்கொள்கிறார். கூலி வேலைக்குப் போகிறவர் உதிரப்போக்கு நிற்காதபோதுதான் ஆஸ்பத்திரிப் படியேறுகிறார்.

திண்டுக்கல்லில் நடந்தது

2000-ல் திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடம், இந்தப் புற்றை முன்கூட்டியே கண்டறியும் எளிய பரிசோதனை பற்றி ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் டாக்டர் ஆர். சங்கரநாராயணன் முன்னின்றார், களத்தில் இறங்கியது ஒட்டன்சத்திரம் பக்கத்து அம்பிளிக்கையில் உள்ள சமுதாய சுகாதார மையம்.

வழக்கமான பாப் ஸ்மியர் பரிசோதனைக்கு லேப் வேண்டும், ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்க வேண்டும். இங்கே, பயிற்சி பெற்ற செவிலியர் நீர்த்த அசெட்டிக் அமிலத்தை (வினிகரில் இருப்பதுதான்) பஞ்சில் நனைத்துக் கர்ப்பப்பை வாயில் தடவுவார். ஒரு நிமிடம் பொறுத்து விளக்கொளியில் பார்ப்பார். கோளாறான இடம் வெள்ளைத் திட்டாகத் தெரியும். தேவைப்பட்டால் அப்போதே சதைத் துணுக்கு எடுப்பார். ஏற்றவர்களுக்கு அந்தத் திசுவை உறையவைத்து அழிக்கும் சிகிச்சையும் அதே வருகையில் முடிந்துவிடும்.

2007-ல் லான்செட் இதழில் முடிவு வெளியானது. புதிதாக நோய் வருவது 25 சதவீதமும், இறப்பு 35 சதவீதமும் குறைந்திருந்தன. ஒப்பீட்டுக்காக ஒரு பகுதிப் பெண்களுக்குப் பரிசோதனை தராமல் விட்டது சரியா என்ற கேள்வி பின்னால் எழுந்தது. நியாயமான கேள்விதான்.

வராமல் போனவர்கள்

பரிசோதனைக்குத் தேர்வான சுமார் 49,000 பேரில் வந்தவர்கள் 31,000 சொச்சம். மீதிப் பேரைக் கொண்டுவருவதுதான், என்னைக் கேட்டால், இந்தத் துறையிலேயே கடினமான வேலை. நூறு நாள் வேலைக்குப் போனால் அன்றைய கூலி கிடைக்கும். முகாமுக்குப் போனால் என்ன கிடைக்கும்? கூச்சம் வேறு. “நல்லாத்தானே இருக்கேன், எனக்கு எதுக்கு?” என்பவரிடம், “நல்லா இருக்கறப்பவே பாத்துக்கணும்க்கா, பொம்பள நர்ஸுதான் பாப்பாங்க” என்று திண்ணையில் உட்கார்ந்து சொல்ல ஓர் ஆள் வேண்டும். தீட்டு நாளைத் தவிர்த்துத் தேதி குறிக்க வேண்டும். மாமியாரிடமும் ஒரு வார்த்தை பேச வேண்டும். கோளாறு தெரிந்தால் பெரிய ஆஸ்பத்திரி வரை கூடவே போக வேண்டும். பலர் நழுவுவது அந்த இடத்தில்தான்.

யார் செய்கிறார்கள்?

ஏ.என்.எம். (துணைச் செவிலியர்) படிப்பு முடித்தவர்கள் கிராம சுகாதார செவிலியராகலாம். சமூகப்பணியில் முதுகலை முடித்தவர்களுக்குப் புற்றுநோய் மருத்துவமனைகளிலும் தொண்டு நிறுவனங்களிலும் இடமுண்டு. 2023-ல் ஈரோடு, கன்னியாகுமரி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் தமிழக அரசு புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியபோது, வீடு வீடாக அழைப்பிதழ் கொடுக்கப் போனவர்கள் அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள். அவர்களுக்குக் கிடைப்பது ஊக்கத்தொகை. திட்டமே அவர்கள் காலில் நிற்கும்போது, முறையான சம்பளத்தோடு நிரந்தரப் பணியிடம் கொடுத்தால் என்ன?

முகாமுக்குக் காத்திருக்கக் கூடாதவர்கள்

இந்தப் பரிசோதனை அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கானது. 30 வயதைத் தாண்டியவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகச் செய்துகொள்ளலாம். ஆனால் மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் பட்டாலோ, உறவுக்குப் பின் ரத்தம் வந்தாலோ, துர்நாற்றத்தோடு வெள்ளைப்பட்டாலோ, முகாம் தேதியைப் பார்த்துக்கொண்டிருக்காமல் அரசு மருத்துவமனையில் மகளிர் மருத்துவரை நேராகப் பார்த்துவிடுங்கள்.