உப்பளத்தின் கடைசி வாரங்கள்

மழையைப் பற்றி நம் சங்கத்து அங்கத்தினர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஐப்பசி பிறந்துவிட்டால் நெசவாளர் தெருவில் பாவு ஓட்ட இயலாது. தறிக்குழியில் நீர் ஊறும். அதே மழையை நம்பித்தான் ஏரிப் பாசனத்து உழவர் சம்பா நாற்றை வைத்துக்கொண்டு காத்திருப்பர். இவ்விரு சாராரையும் தவிர, மழைக்கு நாள் எண்ணும் மூன்றாவது கூட்டத்தார் ஒருவர் நம் கடற்கரையிலேயே இருக்கின்றனர். அவர்கள் உப்பளத் தொழிலாளர். ஆண்டில் எட்டு ஒன்பது மாதம் வெயிலில் நின்று அவர்கள் சேர்த்த பொருள், கடைசி நான்கைந்து வாரங்களில்தான் பணமாகிறது. அல்லது கரைந்து போகிறது. அவ்வாரங்களில் நடப்பது யாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

செங்கற்பட்டுக் கடற்கரைக்கும் உப்புக்கும் உள்ள உறவு பழையது. கோவளம், கேளம்பாக்கம் பகுதி உப்பு ஒரு காலத்தில் பக்கிங்காம் கால்வாய் வழியே படகுகளில் சென்னைக்குச் சென்றது. 1876 முதல் 1878 வரை நிலவிய தாது வருஷத்துப் பஞ்சத்தின்போது ஆளுநராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயர் அக்கால்வாய்க்கு இடப்பட்டது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே சென்றால் செய்யூர் வட்டத்துக் கழிமுகப் பகுதிகளிலும், மாவட்ட எல்லையைக் கடந்தால் கால்வாய் முடிவுறும் மரக்காணத்திலும் இன்றும் உப்பு விளைகிறது. சாலையில் செல்வோர்க்கு அங்கே வெண்குவியல்கள் தெரியும். வேலை செய்வோர் தெரிவது அரிது. ஏனெனில் அவர்கள் விடியுமுன் இறங்கி, வெயில் ஏறுமுன் பெரும்பகுதி வேலையை முடித்துவிடுகின்றனர். ஊருக்கும் பாத்திக்கும் இடையே வெறும் சேற்று வெளி. மரநிழல் கிடையாது. உப்பு நீரின் நடுவே நிற்பவர் குடிநீரை வீட்டிலிருந்து சுமந்து செல்லவேண்டும். தமிழ்நாட்டு உப்பளங்களில் 2017 முதல் 2020 வரை நடத்தப்பட்ட மருத்துவ ஆய்வு ஒன்று, தொழிலாளரில் மிகப் பெரும்பாலோர் பாதுகாப்பான அளவை மீறிய வெப்பத்தில் உழைக்கின்றனர் என்று கண்டறிந்தது.

பொங்கல் கழிந்ததும் பாத்திகளில் தேங்கிய மழைநீரை இறைத்து, சேற்றை அள்ளி, தரையை மிதித்து இறுக்குவர். அதன்பின் கழிநீரோ கிணற்று உவர்நீரோ பாத்திக்குப் பாத்தி மாற்றி விடப்படுகிறது. கடல்நீரின் அடர்த்தி, டிகிரி பார்க்கும் கருவியில் மூன்று அல்லது மூன்றரை காட்டும். வெயிலில் வற்ற வற்ற முதலில் சுண்ணாம்புப் பொருள் படியும்; பின்னர் ஜிப்சம் படியும்; 25 டிகிரியை எட்டிய பிறகே சமையலுக்குரிய உப்பு மணி பிடிக்கத் தொடங்கும். பங்குனி முதல் ஆடி வரை இது தடையின்றி நடைபெறும். சில நாட்களுக்கு ஒருமுறை வாருபலகையால் உப்பை வாரி வரப்பில் ஏற்றி, நீர் வடிந்தபின் கூடையில் சுமந்து அம்பாரம் சேர்ப்பர். சுமையைத் தலையில் தாங்குவோரில் பெண்களே மிகுதி.

ஆவணியில் நிலைமை மாறுகிறது. பகலெல்லாம் வெயில் காய்ந்து, மாலையில் மேற்கே இடி முழங்கும். இந்த மாலை மழை உழவருக்கு நன்மை; உப்பளத்துக்கு அதுவே முதல் எச்சரிக்கை. பாத்தியில் நீர் அடர்த்தியாக இருக்கும்போது மழை பெய்தால், இலேசான மழைநீர் உடனே கீழ்நீருடன் கலந்துவிடாமல் சிறிது நேரம் மேலே மிதக்கும். அந்நேரத்தில் மடையைத் திறந்து மேல்நீரை மட்டும் வடித்துவிட்டால் அடியிலுள்ள உப்பு பெருமளவு தப்பும். காற்றடித்துக் கலந்துவிட்டாலோ, பல நாள் வெயில் செய்த வேலை ஓர் இரவில் அழியும். ஆகவே ஆவணி, புரட்டாசி மாதங்களில் இரவிலும் வானம் இருண்டால் பாத்திக்கு ஓடவேண்டியவர்கள் இவர்கள்.

கடைசி வாரங்களின் பெருங்கேள்வி, இன்னொரு வாரல் எடுப்பதா, நிறுத்துவதா என்பதே. வெளியார்க்கு இது எளிதாகத் தோன்றும், உண்மையில் அப்படியன்று. பருவ முடிவில் பாத்தியில் எஞ்சியிருப்பது பலமுறை உப்பு ஈன்ற நீர். அதில் மக்னீசியம் உப்புகள் மிகுந்து நிற்கும். அடர்த்தி 29 டிகிரிக்கு மேல் போனால் அது கசப்பு நீர். தூத்துக்குடிப் பக்கத்தார் இதை நஞ்சோடை என்பர். இதை வெளியேற்றாமல் அதிலேயே உப்பு எடுத்தால் மணி சிறுத்து, கைத்து, ஈரம் இழுத்துக்கொண்டே இருக்கும். மூட்டையில் கசியும் உப்பு பெரும்பாலும் இவ்வகையினதே. கடைசி வாரலில் எடை கூடும் என்று இதை நல்ல உப்போடு கலப்பவரும் உண்டு. நம் கருத்தில் அது கைப்பொருளைக் கெடுத்துக்கொள்வதாகும். அம்பாரம் முழுவதற்கும் வியாபாரி ஒரே விலைதான் கேட்பார். அவ்விலை குறைந்த சரக்கைப் பார்த்தே கேட்கப்படும்.

அடுத்தது அம்பாரத்தைக் காப்பது. நூறு கிராம் நீர் ஏறத்தாழ 36 கிராம் உப்பைக் கரைக்கவல்லது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் அது பத்து லிட்டர் நீர்; அது முழுவதும் தெவிட்டக் கரைத்துக்கொண்டால் மூன்றரைக் கிலோவுக்கு மேல் உப்பு போய்விடும். நம் கடற்கரையில் வடகிழக்குப் பருவமழை சாதாரண ஆண்டிலேயே 60 செ.மீ.க்குக் குறைவதில்லை. எனவே மூடாத அம்பாரம் தன் அடிப்பரப்பில் சதுர மீட்டருக்கு 200 கிலோ வரை இழக்க வழியுண்டு. நல்லவேளையாக அவ்வளவும் போவதில்லை. செங்குத்தாகச் சரித்துக் கட்டிய அம்பாரத்தில் மழைநீர் தங்காமல் ஓடிவிடும். முதல் தூறலில் மேற்புறம் இறுகி ஓடுபோல் ஆகிவிடுவதும் ஒரு காப்பு. அத்தூறல் இன்னொரு நன்மையும் செய்கிறது. உப்பைவிட எளிதில் கரையும் மக்னீசியம் முதலில் கழுவப்படுவதால் கசப்பு குறைகிறது. எனினும் தென்னங்கீற்று, பனையோலை அல்லது தார்ப்பாய் கொண்டு மூடி, அடியைச் சுற்றி நீர் வடியக் கால் வெட்டிவைப்பதே முறை. இச்செலவு பருவத்தின் இறுதியில், கையில் காசு வற்றியிருக்கும் வேளையில் வருகிறது என்பதுதான் இடர்.

மழை அளவோடு நில்லாத ஆண்டுகளும் உண்டு. 2022 டிசம்பர் 9ஆம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தருகே கரை கடந்தது. 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரையேறியபோது, மரக்காணத்துக்கு மேற்கே அதிகத் தொலைவில் இல்லாத மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பதிவாயிற்று. அத்தகைய வெள்ளத்தில் எந்த ஓலையும் துணை செய்யாது. மேட்டில் உள்ள கிடங்கு ஒன்றே காக்கும்.

இனி கணக்கு. பருவம் முடியும் நாளில் சிறு உற்பத்தியாளர் பலர் சரக்கை அம்பாரத்திலேயே விற்றுவிடுகின்றனர். முந்திய மழைக்காலத்தில் வாங்கிய முன்பணம் ஒரு காரணம். பாத்தியில் வேலை செய்தவர்க்குக் கூலி தீர்க்கவேண்டியது மற்றொரு காரணம். மழை மாதங்களில் புதிய உப்பு வராததால் விலை ஏறுவது இயல்பு. ஆனால் அந்த ஏற்றம் சரக்கை வைத்திருப்பவர்க்கே உரியது. களத்து மேட்டிலேயே நெல்லை விற்ற உழவர்க்கு இது புதிய செய்தியன்று. இன்னொரு தடையும் உண்டு: அயோடின் சேர்க்காத உப்பை மனிதர் உண்பதற்காக விற்பது 2006 மே மாதம் முதல் நாடெங்கும் தடைசெய்யப்பட்டுள்ளது. அயோடின் கலக்கும் பொறி சிறு உற்பத்தியாளரிடம் இராது. ஆதலால் அவர் உப்பு பொறி உடையவரிடமோ, தோல் பதனிடுவோர், மீன் உலர்த்துவோர் போன்றவரிடமோதான் போகவேண்டும்.

இங்கேதான் கூட்டுறவுக்கு வேலை இருக்கிறது என்பது நம் எண்ணம். உப்பை விளைவிக்கச் சங்கம் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. அவர்கள் நம்மைவிட நன்கு அறிவர். மேட்டில் ஒரு கிடங்கு, அதில் வைத்த சரக்கின் பேரில் ஈட்டுக் கடன், பல பாத்தியார் சேர்ந்து ஓர் அயோடின் பொறி: இவை மூன்றும் தனியொருவரால் ஆகாதவை, கூட்டாக ஆகக்கூடியவை. நெல்லுக்கும் நூலுக்கும் நம் சங்கங்கள் செய்துவருவதும் இதுபோன்றதே. கிடங்குக்கு முதல் போடுவது எளிதன்று என்பதையும், கடற்கரை நிலத்தில் இடம் கிடைப்பது அரிது என்பதையும் நாம் மறக்கவில்லை. ஆனால் புரட்டாசியில் தார்ப்பாய் வாங்கக் குறுகிய காலக் கடன் தருவதற்குப் பெருமுதல் வேண்டியதில்லையே.

கூலிக்கு வேலை செய்வோரின் கணக்கு இதனினும் சிறியது. அவர்களுக்கு அம்பாரத்தில் பங்கில்லை. கடைசி வாரல் முடிந்த அன்றே வேலையும் முடிகிறது. குஜராத்தின் சிறிய கட்ச் ரண்ணில் உப்பெடுக்கும் அகரியாக் குடும்பங்கள் மழை ஓய்ந்ததும் அவ்வெளிக்குக் குடியேறி, அடுத்த கோடை இறுதியில் மழை தொடங்குமுன் ஊர் திரும்புகின்றனர். நம் கரையில் காலம் மாறியிருக்கிறதே தவிர, வெறுங்கையோடு நிற்கும் மாதங்கள் இருவர்க்கும் உண்டு. ஐப்பசியில் இங்குள்ளோர் சிலர் நடவுக்குப் போகின்றனர்; சிலர் கட்டட வேலை தேடுகின்றனர்; மழை விடாத நாட்களில் எதுவும் இல்லை. உற்பத்தியற்ற அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலத்துக்காக உப்பளத் தொழிலாளர்க்கு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கியது. மூன்று மாதத்துக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 55 ரூபாய்க்கும் குறைவு. ஆயினும் அரிசிக் கடைக்காரரிடம் கடன் சொல்வதைத் தள்ளிப்போட அது உதவும். பெயர் பதிவாகியிருந்தால்தான் அது கைக்கு வரும். பருவந்தோறும் அளம் மாறி வேலை செய்வோரும், கணவர் பெயரிலேயே கூலி எழுதப்படும் பெண்களும் பதிவில் விடுபட்டுப்போக ஏதுவுண்டு. கடற்கரைக் கிராமங்களிலுள்ள நம் அங்கத்தினர்கள் தம் அண்டை வீட்டாரிடம் பதிவு இருக்கிறதா என்று புரட்டாசி முடியுமுன் கேட்டு, இல்லாதவர்க்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கலாம்.