வாசலிலேயே கேளுங்கள்

சிலிண்டர் வந்ததும் அடுப்பில் பால் பொங்குகிற அவசரத்தில் காசைக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். அந்த இரண்டு நிமிடத்தில்தான் நம் உரிமைகளில் பாதி நழுவிப் போகிறது.

கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டைகளில் ஒன்றின் உட்புறம் 'பி 28' என்பதுபோல எழுதியிருக்கும். ஏ என்றால் மார்ச், பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர், எண் ஆண்டு. அது கேஸ் கெட்டுப்போகும் தேதியல்ல. அந்த இரும்புச் சிலிண்டரை மறுபடி சோதித்தாக வேண்டிய கெடு. கெடு தாண்டியிருந்தால் வாங்க மறுக்கலாம். காலி எடையும் பட்டையிலேயே இருக்கும், அதோடு 14.2 கிலோ சேர வேண்டும். நிறுத்துக் காட்டச் சொல்லுங்கள், முகம் சுளித்தாலும். ரசீதுத் தொகைக்கு மேல் தர வேண்டியதில்லை. மூன்று மாடி சுமந்து வருபவருக்கு மனமுவந்து கொடுப்பது வேறு கதை.

சமையல் கேஸுக்கு இயல்பில் வாடை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் மெர்காப்டன் கலக்கிறார்கள். காற்றைவிடக் கனமானதால் தரையோடு படர்ந்து பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் குழியிலோ காற்றுப் புகாத அலமாரியிலோ சிலிண்டரை வைக்கக் கூடாது. வாடை வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாதீர்கள். போடுவது மட்டுமல்ல, அணைப்பதும் பொறி கிளப்பும். ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, நூலில் தொங்கும் மூடியை வால்வில் அழுத்திப் பொருத்துங்கள். (அந்த மூடியை அறுத்து எறிந்துவிட்ட வீடுகளே அதிகம்.) கதவு, சன்னலைத் திறந்துவைத்து வெளியே வந்த பிறகே போனை எடுத்து 1906-ஐ அழையுங்கள். ஆரஞ்சு நிற ட்யூபை 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

விபத்து நேர்ந்தால் இழப்பீடு உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. எண்ணெய் நிறுவனங்கள் எடுத்திருக்கும் காப்பீட்டில் உயிரிழப்புக்கு 6 லட்சம் ரூபாய், சிகிச்சைக்கு ஒருவருக்கு 2 லட்சம் வரை, பதிவு செய்த முகவரியில் நேரும் சொத்துச் சேதத்துக்கு 2 லட்சம் வரை இடமுண்டு. பிரீமியம் நாம் கட்ட வேண்டியதில்லை. ஏஜென்சிக்கு உடனே எழுத்தில் தெரிவித்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். போலீஸ் அறிக்கையும் மருத்துவ ரசீதுகளும் பத்திரம். கடையில் மலிவாக வாங்கிய ரெகுலேட்டர் இந்த உரிமைக்கே உலை வைக்கலாம்.

ஏஜென்சி இழுத்தடித்தால் நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். அங்கே வழக்குத் தொடுக்கக் கெடு 2 ஆண்டுகள்.