முன்தோலைத் தொடாமல் குளிப்பாட்டுவது

பெங்களூரின் ஜீவனஹள்ளியில் பிள்ளை பெற்ற வீடு எது என்று காலை பத்து மணி வாக்கில் தெருவில் நடந்தாலே தெரிந்துவிடும். பாட்டியோ, குளிப்பாட்டவென்றே வரும் ஆயாவோ மணைக்கட்டையில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டி, அதன் மேல் குழந்தையைக் கிடத்தியிருப்பார். உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை எண்ணெய், கைகாலை நீவி விடுவது, பிறகு பாசிப்பயறு மாவு, செம்பு செம்பாக வெந்நீர், கடைசியில் சாம்பிராணிப் புகை. ஆண் குழந்தையானால் பல வீடுகளில் இன்னொரு வேலையும் உண்டு. குஞ்சின் முனையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, தோலைப் பின்னுக்குத் தள்ளி, உள்ளே ஒரு சொட்டு எண்ணெய் விடுவார்கள். ‘இப்பவே தள்ளி விடலேன்னா தோல் ஒட்டிக்கும், அப்புறம் ஆபரேஷன்தான்’ என்பது அதற்குச் சொல்லும் காரணம். அக்கறையில் பிறந்த இந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். தோல் பிறக்கும்போதே ஒட்டித்தான் இருக்கிறது. அதைப் பிரிக்க நாம் எடுக்கும் முயற்சிதான், எந்தத் தொற்றுக்கும் எந்த ஆபரேஷனுக்கும் பயப்படுகிறோமோ, அதை நோக்கிக் குழந்தையைத் தள்ளுகிறது.

முன்தோல் எப்படி உண்டாகிறது என்று பார்த்தால் இது விளங்கும். கருவின் மூன்றாம் மாதத்தில் ஆணுறுப்பின் தண்டுப் பகுதியிலிருந்து ஒரு தோல் மடிப்பு முன்னோக்கி வளர்ந்து, மொட்டுப் பகுதியை மெல்ல மூடுகிறது. அப்படி மூடும்போது மடிப்பின் உள்பக்கமும் மொட்டின் மேல்பரப்பும் இரண்டு தனித் தோல்களாக இருப்பதில்லை. இரண்டுக்கும் பொதுவாக ஒரே செல் அடுக்குதான் இருக்கும். நகமும் சதையும் போல என்று சொல்வதுண்டு. நமக்கு வாழைக்காய் இன்னும் பொருத்தம். காயாக இருக்கும்போது தோலை உரித்தால் சதையோடுதான் வரும், பழுத்த பிறகு விரல் பட்டாலே கழன்றுவிடும். முன்தோலும் அப்படித்தான் பழுக்கிறது. நடுவிலுள்ள செல் அடுக்கு அங்கங்கே உதிர்ந்து, சிறு சிறு இடைவெளிகள் தோன்றி, அவை ஒன்றோடொன்று சேர்ந்து, ஆண்டுக்கணக்கில் மெதுவாகத் தோல் பிரிகிறது. உதிர்ந்த செல்கள் சில குழந்தைகளுக்குத் தோலுக்கு அடியில் வெள்ளையாக, அரிசிக் குறுணை அளவில் திரண்டு தெரியும். சீழ் என்று பதறிப் பிதுக்கப் பார்ப்பவர்கள் நிறையப் பேர். அது சீழே இல்லை. சிவப்பும் வீக்கமும் வலியும் இல்லாத அந்த வெள்ளைத் திரள், தோல் தானாகப் பிரிந்து வருவதற்கான அடையாளம். நேரம் வந்ததும் தானே வெளியே வந்துவிடும்.

எத்தனை நாளில் பிரியும் என்ற கேள்விக்கு மருத்துவ உலகமே நீண்ட காலம் தவறான கணக்கை வைத்திருந்தது. இங்கிலாந்துக் குழந்தை மருத்துவர் டக்ளஸ் கெய்ர்ட்னர் 1949இல் வெளியிட்ட ஆய்வில், பிறந்த குழந்தைகளில் 100க்கு 4 பேருக்குத்தான் முன்தோல் முழுதாகப் பின்னுக்குப் போகிறது என்று காட்டினார். அந்தப் பாதி சரி. மூன்று வயதுக்குள் 100க்கு 90 பேருக்குப் போய்விடும் என்ற மறுபாதிதான் பாடப்புத்தகங்களில் ஏறி உட்கார்ந்து, நாலு வயதுப் பையனுக்குத் தோல் போகவில்லை என்றால் நோய் என்று எண்ண வைத்தது. 1968இல் டென்மார்க்கின் யாகோப் ஓஸ்டர் 6 முதல் 17 வயது வரையிலான பள்ளிப் பையன்களை ஆண்டுக்கணக்கில் பரிசோதித்து எழுதிய முடிவு வேறாக இருந்தது. ஆறேழு வயதில் 100க்கு 63 பையன்களுக்குத் தோல் ஏதோ ஒரு பக்கம் இன்னும் ஒட்டியிருந்தது. 16, 17 வயதில் அது 3 ஆகக் குறைந்திருந்தது. 1996இல் ஜப்பானில் 603 பையன்களைப் பார்த்த ஆய்விலும் 11 முதல் 15 வயதுக்காரர்களில் முழுதாகப் பின்னுக்குப் போனது 100க்கு 63 பேருக்குத்தான். ஆறு மாதக் குழந்தையிடம் பாட்டி எதிர்பார்ப்பது மீசை முளைக்கும் பருவத்தில் நடக்க வேண்டிய காரியம்.

பிரியாத தோலை இழுத்தால் என்ன ஆகும்? பொதுவாக இருக்கும் அந்தச் செல் அடுக்கு கிழியும். கண்ணுக்கு ஒரு சின்னக் கீறலாகவோ, துணியில் ஒரு சிவப்புப் பொட்டாகவோ தெரியலாம், ஒன்றுமே தெரியாமலும் போகலாம். ஆனால் இரண்டு பக்கமும் தோலுரிந்த பரப்பு. அதன் மேல் மூத்திரம் பட்டு எரிகிறது, அதே டயப்பருக்குள் மலமும் இருக்கிறது. மலத்தில் இயல்பாக வாழும் ஈ-கோலி போன்ற கிருமிகளுக்கு அதுவரை இல்லாத ஒரு வாசல் திறந்துவிடுகிறது. காயம் ஆறும்போது ஒன்று இரண்டு பரப்பும் மறுபடி ஒட்டிக்கொள்ளும், அல்லது முனையில் தழும்பு விழும். தழும்பு விரியாது, சுருங்கத்தான் செய்யும். வாரக்கணக்கில் தினமும் இது நடந்தால் முனையில் ஒரு கெட்டியான வளையம் உருவாகி, வயது வந்தபின்னும் தோல் போகாத நிலை நிஜமாகவே வந்துவிடலாம். இன்னொரு ஆபத்து உடனடியானது. பின்னுக்குத் தள்ளிய தோலை முன்னுக்குக் கொண்டுவர மறந்தால் அது மொட்டின் கழுத்தை ரப்பர் வளையம்போல் இறுக்கும். சில மணி நேரத்தில் முனை வீங்கி, ரத்த ஓட்டம் தடைப்படும்.

‘எங்கள் காலத்தில் எல்லாருக்கும் இப்படித்தான் செய்தோம், யாருக்கு என்ன ஆயிற்று?’ என்ற கேள்வியை மரியாதையோடு எதிர்கொள்ள வேண்டும். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது உண்மை. குழந்தை உடம்பின் காயம் வேகமாக ஆறும். ஆனால் வலித்து அழுத குழந்தையின் அழுகையைக் குளிக்கப் பிடிக்காத அழுகை என்று எடுத்துக்கொண்டோம், மறுநாள் சிவந்திருந்ததைச் சூடு என்றோம், பத்து வயதில் தோல் இறுகியிருந்தபோது பிறவிக் கோளாறு என்று ஆபரேஷனுக்கு அழைத்துப் போனோம். காரணத்தையும் விளைவையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. ஜீவனஹள்ளி போன்ற இடத்தில் குழப்பத்துக்கு இன்னொரு வழியும் உண்டு. காக்ஸ் டவுனும் ஃப்ரேசர் டவுனும் கைக்கெட்டும் தூரம், சுன்னத் செய்யும் குடும்பமும் செய்யாத குடும்பமும் ஒரே மாடிப்படியில் ஏறி இறங்குகின்றன. சுன்னத் செய்த குழந்தைக்கு, மிச்சமிருக்கும் தோல் மொட்டோடு ஒட்டாமலிருக்க லேசாகத் தள்ளிக் களிம்பு தடவச் சொல்லும் டாக்டர்கள் உண்டு. ஆறிவரும் காயத்துக்குச் சொன்ன அந்த யோசனை பக்கத்து வீட்டுக்குப் போய், காயமே இல்லாத குழந்தைக்குக் காயம் உண்டாக்கிவிடக் கூடாது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. முன்தோல் உள்ள ஆண் குழந்தைகளுக்குச் சிறுநீர்த் தொற்று அதிகம் வருகிறது என்று ஆய்வுகளே சொல்கின்றன, அப்படியிருக்க உள்ளே சுத்தம் செய்யாமல் விடலாமா? அதிகம் என்பது மெய், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எவ்வளவு அதிகம் என்று பார்க்க வேண்டும். ஆரோக்கியமான ஆண் குழந்தைகளில் சிறுநீர்த் தொற்று சுமார் 100க்கு ஒருவருக்கு வருகிறது. 2005இல் பல ஆய்வுகளைத் திரட்டிப் போட்ட கணக்கின்படி, ஒரே ஒரு தொற்றைத் தடுக்க 111 குழந்தைகளுக்கு முன்தோலை நீக்க வேண்டும். அதில் இரண்டு பேருக்காவது ரத்தக்கசிவோ புண்ணோ வரக்கூடும் என்பதால் எல்லாருக்கும் செய்யச் சொல்ல முடியாது என்பதே அந்த ஆய்வின் முடிவு. அடிக்கடி தொற்று வரும் குழந்தைக்கும், மூத்திரம் பையிலிருந்து சிறுநீரகத்தை நோக்கித் திரும்பி ஏறும் கோளாறு கடுமையாக உள்ள குழந்தைக்கும் கணக்கு மாறுகிறது. முன்னவருக்கு 11, பின்னவருக்கு 4. அங்கே டாக்டர் அறுவையைச் சொன்னால் அதற்கு நியாயம் உண்டு. மத நம்பிக்கைக்காகச் செய்வது தனி விஷயம், அது அந்தக் குடும்பத்தின் முடிவு. ஆனால் இந்தப் புள்ளிவிவரங்களில் எதுவும் தோலை இழுத்துக் கழுவினால் தொற்று குறையும் என்று சொல்லவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அகாடமி, சுன்னத்துக்குச் சாதகமாகப் பேசிய தன் 2012ஆம் ஆண்டு அறிக்கைக்குப் பிறகும், முன்தோலை வலிந்து இழுக்கக் கூடாது என்றுதான் பெற்றோருக்குச் சொல்கிறது.

ஆகச் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கையைக் கழுவிக்கொண்டு, வெதுவெதுப்பான தண்ணீரால் வெளிப்பக்கத்தைக் கழுவி, மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். மற்ற இடத்துக்குப் போடும் பயறு மாவும் நலங்கு மாவும் அங்கே வேண்டாம். பொடி மடிப்புக்குள் தங்கி உறுத்தும். பவுடரும் அப்படியே. டயப்பரானால் நனைந்ததும், மலம் போனால் உடனேயும் மாற்ற வேண்டும். துடைக்கும்போது மலம் முன்பக்கம் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் வீடுகளில் இதற்கென்று ஒரு சிறு பாத்திரத்தில் நல்ல தண்ணீரை மூடி வைத்துக்கொண்டால் போதும். துணி லங்கோட்டுகளைச் சோப்புப் போக அலசி வெயிலில் காயப்போட வேண்டும்.

முனை சிவந்து, லேசாக வீங்கி, ஒண்ணுக்குப் போகும்போது குழந்தை வீறிட்டு அழுதால் அது முன்தோல் அழற்சி. பெரும்பாலும் ஈர டயப்பரோ சோப்போ காரணமாக இருக்கும். வெதுவெதுப்பான நீரில் நாளுக்கு இரண்டு மூன்று முறை இடுப்பளவு உட்கார வைத்து, சோப்பை நிறுத்தி, சற்று நேரம் டயப்பரில்லாமல் விட்டாலே பலருக்குத் தணிந்துவிடும். தணியாவிட்டாலும், சீழ் வந்தாலும் டாக்டரிடம் போக வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் ‘எல்லாத்துக்கும் ஒரே கிரீம்’ இங்கே கூடவே கூடாது. அவற்றில் பலவும் வீரியமான ஸ்டீராய்டு கலந்தவை. டயப்பர் மூடியிருக்கும் தோலில் தடவினால் மருந்து உடம்புக்குள் அதிகமாக இறங்கும். ஒண்ணுக்குப் போகும்போது முன்தோல் பலூன்போல் உப்பி, பிறகு தாரை தடையில்லாமல் வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. தாரையே வராமல் சொட்டுச் சொட்டாக விழுந்தாலோ, குழந்தை முக்கினாலோ அது வேறு கதை. சிறுநீர்ப் பாதைக்குள் பிறவியிலேயே இருக்கும் தடுப்புச் சவ்வு காரணமாக இருக்கலாம், சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது அது.

எல்லாவற்றிலும் பெரியது காய்ச்சல். பெரிய பிள்ளைகளைப்போல் எரிகிறது, வலிக்கிறது என்று கைக்குழந்தை சொல்லாது. காய்ச்சல், வாந்தி, பால் குடிக்காமை, எடை ஏறாமை இவைதான் அதன் மொழி. காய்ச்சலோடு மருத்துவமனைக்கு வரும் மூன்று மாதத்துக்கு உட்பட்ட, முன்தோல் உள்ள ஆண் குழந்தைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சிறுநீர்த் தொற்று இருப்பது வெளிநாட்டு ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. அந்த வயதில் 100.4 டிகிரி தாண்டினால் அன்றைக்கே கொண்டுபோக வேண்டும். அருகில் சிவாஜிநகரின் கோஷா மருத்துவமனை, பௌரிங், சற்றுத் தள்ளி நிம்ஹான்ஸ் பக்கம் இந்திரா காந்தி குழந்தைகள் நல நிறுவனம் இருக்கின்றன. ஆன்டிபயாட்டிக் கொடுக்கும் முன்பே மூத்திரத்தைச் சோதிக்கச் சொல்லிக் கேட்கலாம், கேட்க வேண்டும். முதல் டோஸ் உள்ளே போய்விட்டால் கிருமி எதுவென்று கண்டுபிடிப்பது கடினம். மூத்திரம் எடுக்கவும் தோலை முழுதாகத் தள்ளத் தேவையில்லை, துவாரம் தெரிந்தால் போதும். இழுக்காதீர்கள் என்று தாய் தயங்காமல் சொல்லலாம்.

ஐந்தாறு வயதில் தோல் இன்னும் போகவில்லை என்று யாராவது அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்தால் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: முனையில் வெண்மையான, கெட்டியான தழும்பு வளையம் இருக்கிறதா? இருந்தால் அது உண்மையான நோய், அறுவை வேண்டியிருக்கலாம். இல்லாமல் தோல் மிருதுவாக, லேசாகத் தள்ளும்போது பூப்போல் விரிந்தால் காத்திருக்கலாம். அவசரம் இருந்தாலும், டாக்டர் எழுதிக் கொடுக்கும் 0.05 சதவீத பீட்டாமெத்தசோன் களிம்பை அவர் சொன்ன அளவில் சில வாரம் முனையில் தடவினாலே பெரும்பாலான பையன்களுக்குத் தோல் இளகிவிடுகிறது. தோல் தானாகப் போகத் தொடங்கியதும் முதலில் அதைத் தள்ளிப் பார்க்க வேண்டிய கை அந்தப் பையனுடையதுதான். குளிக்கும்போது வலிக்காத அளவுக்குத் தள்ளி, தண்ணீர் விட்டு, மறக்காமல் முன்னுக்கு இழுத்துவிட அவனுக்குச் சொல்லிக்கொடுத்தால் போதும். அதுவரை ஆயா அந்தக் கடைசிச் செம்புத் தண்ணீரை மேலாக ஊற்றிவிட்டு, குழந்தையைத் துண்டில் சுற்றித் தாயிடம் கொடுத்துவிடலாம்.